மொழி முன்னொட்டை எடுத்த பின் பழைய முகவரிகளை என்ன செய்வது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர், 3 ஜூன் 2024

எங்கள் வேளாண்மைத் தளம் இதுவரை இரண்டு மொழிகளில் இருந்தது. தமிழ்ப் பக்கங்களின் முகவரி ‘டிஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடும், ஆங்கிலப் பக்கங்களின் முகவரி ‘இஎன்’ என்ற எழுத்துகளோடும் தொடங்கும். ஆங்கிலப் பக்கங்களைப் படிப்பவர் மிகக் குறைவு என்பதால் அவற்றை நிறுத்திவிட்டு, தமிழ் முகவரிகளிலிருந்து முன்னொட்டையும் எடுத்துவிட்டோம். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம், ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங், அப்பாச்சி சர்வர். பழைய முகவரிகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும், மீதியைக் கூகுள் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நண்பர் சொல்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. உங்கள் கருத்து என்ன, அண்ணா?

3 ஜூன், இரவு

போதாது, தம்பி. ஒவ்வொரு பழைய முகவரியும் தனக்கு நேரான புதிய பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

கூகுள் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது பாதிதான் உண்மை. புதிய பக்கங்களை அது எப்படியும் கண்டுபிடித்துவிடும். ஆனால் இந்தப் பழைய பக்கம்தான் அந்தப் புதிய பக்கம் என்ற உறவை நாம்தான் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பழைய பக்கங்களை மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால், அவற்றை ‘பக்கம் இல்லை’ என்பதற்குச் சமமாகவே, அதாவது சாஃப்ட் 404 என்றே, கூகுள் எடுத்துக்கொள்ளக்கூடும். பிற தளங்கள் அந்தப் பக்கங்களுக்குக் கொடுத்திருக்கும் இணைப்புகளின் பலன் புதிய பக்கங்களுக்கு வந்து சேராமலே போய்விடும்.

எனக்குக் கூகுளை விடவும் படிக்கும் ஆட்களைப் பற்றித்தான் கவலை. மஞ்சளில் கிழங்கு அழுகலுக்கு என்ன செய்வது என்ற உங்கள் பக்கத்தை அந்தியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வாட்ஸ்அப்பில் நட்சத்திரக் குறியிட்டு வைத்திருப்பார். காட்டில் நின்றுகொண்டு அவர் அதைத் தொடும்போது, சம்பந்தமே இல்லாத முகப்புப் பக்கம் திறந்தால், அங்கிருந்து தேடிப் போகப் பொறுமை இருக்காது. அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி மூடிவிடுவார். பழைய முகவரியை வைத்திருப்பவர்கள் யார் யார் என்பது நமக்குத் தெரியாது. இடம் மாறிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரிவிக்க நம் கையில் இருக்கும் ஒரே இடம் அந்தப் பழைய முகவரிதான்.

4 ஜூன்

திருப்பி அனுப்பும் விதியை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சொற்களிலேயே விளக்குகிறேன்.

தளத்துக்கான கட்டளைகளை அப்பாச்சி படித்துக்கொள்ளும் ஹெச்டிஅக்சஸ் கோப்பில் ஒரே ஒரு ரீரைட் விதி, அதாவது வரும் முகவரியை மாற்றி எழுதும் விதி, போதும். முகவரி ‘டிஏ’ என்று தொடங்கி, உடனே ஒரு சாய்கோடு வந்தால், அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது முழுவதையும் அடைப்புக்குறிக்குள் பிடித்து, அதையே தளத்தின் வேரில், அதாவது தளத்தின் பெயருக்கு அடுத்தாற்போல், வைத்து, 301 என்ற நிலைக்குறியோடு (தன் பதில் எந்த வகை என்று சர்வர் சொல்லும் எண்) திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; இலக்கு முகவரியில் நீங்களாக ஒரு கேள்விக்குறி சேர்க்காத வரை அப்பாச்சி அதைத் தானாகவே கூடவே எடுத்துச் செல்லும்.

இதில் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, விதியின் இடம். வேர்ட்பிரஸ் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் பகுதிக்கு மேலே இது இருக்க வேண்டும். கீழே வைத்தால் கோரிக்கை முதலில் வேர்ட்பிரஸ் கைக்குப் போய்விடும், உங்கள் விதிக்கு வேலை இருக்காது. அந்தப் பகுதியின் உள்ளேயும் எழுதக் கூடாது, ஏனெனில் நிரந்தர முகவரி அமைப்பைச் சேமிக்கும்போதெல்லாம் வேர்ட்பிரஸ் அதை அழித்து எழுதும். இரண்டாவது, ஹெச்டிஅக்சஸ் கோப்புக்குள் ஒப்பிடும்போது முகவரியின் முதல் சாய்கோடு நீக்கப்பட்டிருக்கும். ஆகவே சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்புக்காக யாரோ எழுதிய விதியை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டினால் அது எதனோடும் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ‘டிஏ’வுக்குப் பின்னால் வரும் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். தாலுகா என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அதே இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும். புளிக்கும் அப்படித்தான், மரவள்ளிக்கும் அப்படித்தான். சாய்கோடு இல்லாத விதி தாலுகாவாரியான விலைப் பக்கத்தின் முதல் இரண்டு எழுத்துகளை வெட்டி, ‘லுக்’ என்ற இல்லாத முகவரிக்கு அனுப்பும். நாமக்கல், சேலம் பக்கத்து மரவள்ளி விவசாயிகளுக்காக ஒரு பிரிவு வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். அந்தப் பிரிவு முழுவதும் இதில் சிக்கும்.

முன்னொட்டு மட்டும் தனியாக, சாய்கோடு இல்லாமல் வரும் முகவரிக்கு வேறொரு விதி எழுதுங்கள். அது ஒன்று மட்டும் முகப்புக்குப் போகலாம்.

4 ஜூன், பிற்பகல்

காலையில் 301 என்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சோதித்து முடியும் வரை, தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும் 302 போடுங்கள். எல்லாம் சரியாக இருப்பது உறுதியான பின் 301 ஆக மாற்றுங்கள்.

காரணம் பிரவுசரின் கேஷ், அதாவது ஏற்கெனவே பெற்றதை அது சேமித்து வைக்கும் இடம். 301 என்பது நிரந்தர மாற்றம் என்பதால், காலாவதியை நாம் தனியாகக் குறிப்பிடாவிட்டால் பிரவுசர் அதை நீண்ட காலத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம். தவறான 301ஐச் சர்வரில் திருத்திவிட்டாலும், அதற்குள் வந்துபோனவரின் கைப்பேசி நம் சர்வரைக் கேட்காமலே பழைய தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். நம் கணினியின் கேஷை நாம் அழித்துக்கொள்ளலாம், சத்தியமங்கலத்தில் இருப்பவரின் கேஷை யார் அழிப்பது? 302 இப்படித் தங்காது.

சோதிக்கப் பிரவுசரை நம்ப வேண்டாம். முகவரியை நேராகச் சர்வரிடம் கேட்கும் கர்ல் கட்டளையில், பதிலின் முன்னால் சர்வர் அனுப்பும் தலைப்பு வரிகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். முதல் வரியில் நிலைக்குறியும், ‘லொகேஷன்’ என்ற வரியில் போய்ச் சேரும் முகவரியும் தெரியும். அந்த இரண்டு வரிகளும் சரியாக இருந்தால் போதும்.

5 ஜூன்

“நான் இன்னும் எந்த விதியும் எழுதவில்லை, ஆனால் பழைய இணைப்புகள் சில தாமாகவே சரியான பக்கத்துக்குப் போகின்றன, அப்படியானால் விதியே வேண்டியதில்லை அல்லவா” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது வேர்ட்பிரஸ் செய்யும் ஊகம். பக்கம் கிடைக்காதபோது, முகவரியின் கடைசிப் பகுதியை எடுத்து, அதே எழுத்துகளில் தொடங்கும் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் அங்கே அனுப்பிவிடும். பல நேரம் சரியாக அமையும். ஆனால் ‘மஞ்சள்’ என்ற பழைய முகவரிக்கு நேரான பதிவு இப்போது அதே பெயரில் இல்லை என்றால், ‘மஞ்சள்-விலை’யோ ‘மஞ்சள்-விதைநேர்த்தி’யோ, தேடலில் எது அகப்படுகிறதோ அங்கே போகும். விரலி மஞ்சளின் ஏல விலையைப் பார்க்க வந்தவர் விதைநேர்த்தி மருந்தின் அளவைப் படித்துக்கொண்டிருப்பார். இது 404ஐ விட மோசம் என்பேன், ஏனெனில் 404 வந்தால் சர்வரின் பதிவேடான லாகில் தெரியும். ஊகத்தில் தவறான பக்கம் திறந்தால் எங்கும் தெரியாது. விதியை எழுதிவிடுங்கள்.

7 ஜூன்

விதி எழுதிய பிறகும் சில தமிழ் முகவரிகள் திறக்கவில்லை என்று நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஈரோடு, கோயம்புத்தூர், கொடிவேரி, கொடுமுடி. ஒகரக் குறிலோ நெடிலோ உயிர்மெய்யாக வராத பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இதே இடத்தில் நானும் வேறொரு தளத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

யூனிகோடில் ‘ரோ’ என்பதை இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். ரகரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ரகரத்தின் பின் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் அதன் பின் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணால் பிரித்தறிய முடியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய உரைகளில் இரண்டாவது வகை தென்படுவதுண்டு. சர்வருக்கோ இவை இரண்டு வேறு முகவரிகள். ஒகரக் குறிலுக்கும், ஔகாரத்துக்கும் இதே நிலைதான்.

எண்ணிக்கையில் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறுவதால், குறியீடு ஒன்றுக்கு ஒன்பது இடம். முதல் வகையில் எழுதிய ‘ஈரோடு’ ஐந்து குறியீடு, ஆகவே 45 இடம். இரண்டாவது வகையில் எழுதிய ‘ஈரோடு’ ஆறு குறியீடு, 54 இடம். நீங்கள் அனுப்பிய லாகிலிருந்து இரண்டு வரிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள், ஒன்று சரியாக ஒன்பது இடம் நீண்டு தெரியும்.

நம் விதி என்ன செய்கிறது? முன்னொட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை வந்தபடியே அனுப்புகிறது. வந்தது இரண்டாவது வகையாக இருந்தால் போவதும் இரண்டாவது வகைதான். தளத்தைப் புதிதாக அமைத்தபோது ஸ்லக்குகள், அதாவது முகவரியில் பக்கத்தின் பெயராக வரும் பகுதிகள், முதல் வகைக்கு மாறியிருந்தால் பக்கம் கிடைக்காது.

உங்களிடம் இருக்கும் பட்டியல் சிறியது. அதனால் அந்த முகவரிகளுக்கு மட்டும் தனித்தனி விதி எழுதி, பொது விதிக்கு மேலே வையுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பியில் உள்ள நார்மலைசர் வசதியைக் கொண்டு, வரும் முகவரியை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது மேலே சொன்ன முதல் வகைக்கு, மாற்றி, மாற்றியதும் வந்ததும் வேறாக இருந்தால் திருப்பி அனுப்பும் ஒரு சிறு துணுக்கை எழுதிவிடலாம். அப்பாச்சி, விதியோடு ஒப்பிடுவதற்கு முன்பே சதவீதக் குறிகளை அவிழ்த்துவிடுகிறது; ஆதலால் விதிகளில் தமிழைத் தமிழாகவே எழுதலாம். கோப்பை யூடிஎஃப்-8ஆகச் சேமிப்பது மட்டும் முக்கியம். சதவீதக் குறிகளோடு எழுதிய விதிதான் பொருந்தாமல் போகும்.

7 ஜூன், இரவு

மற்றொரு வாசகர், பழைய முகவரிகளின் பட்டியலைப் பதிவுகளின் தலைப்புகளிலிருந்தே தயாரித்துவிடலாமே என்கிறார். தமிழ்த் தளத்துக்கு அது சரிப்படாது.

வேர்ட்பிரஸில் ஸ்லக்கின் நீளம் 200 இடம். அந்த 200 இடம் சதவீதக் குறியாக்கத்துக்குப் பிந்தைய கணக்கு என்பதால் ஏறத்தாழ 22 தமிழ்க் குறியீடுகளிலேயே முடிந்துவிடும். ‘ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது’ என்று 2019இல் நீங்கள் எழுதிய பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோடு 45, இடைவெளி 1, மஞ்சளுக்குப் 108, இடைவெளி 1, ஆக 155 ஆயிற்று. மீதி 45 இடத்தில் ஐந்து குறியீடுகள்தான் அடங்கும். ஆகவே அந்த முகவரி ‘புவிச’ என்பதோடு நின்றிருக்கும், தலைப்பிலிருந்து கணித்தால் இது கிடைக்காது. பழைய தரவுத்தளத்தின் நகலிலிருந்தோ தளத்தின் முகவரிகளைத் தேடுபொறிக்காகப் பட்டியலிடும் பழைய சைட்மேப்பிலிருந்தோ சர்வர் லாகிலிருந்தோதான் பட்டியல் எடுக்க வேண்டும்.

9 ஜூன்

தாவல்களைக் குறைப்பது பற்றி. ஒரு முகவரியிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு தாவல்.

உங்கள் தளத்தின் பழைய முகவரி ஒன்றைக் கர்லில் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்பில்லாத எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒரு தாவல், மூன்று டபிள்யூவை நீக்க ஒரு தாவல், முன்னொட்டை நீக்க ஒரு தாவல், இறுதியில் சாய்கோடு சேர்க்க இன்னொன்று. கூகுளின் தேடுபொறி ஒரு முயற்சியில் பத்துத் தாவல் வரை பின்தொடரும், குரோம் இருபது வரை பொறுக்கும், எனவே எதுவும் உடைந்துவிடவில்லை. ஆனால் தாளவாடியிலோ கடம்பூர் மலையிலோ சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் கைப்பேசியில் ஒவ்வொரு தாவலும் சர்வர் வரை போய்த் திரும்பும் ஒரு பயணம். பக்கத்தின் முதல் எழுத்து தெரிவதற்கு முன்பே இத்தனை பயணம் எதற்கு?

முன்னொட்டு விதியை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்து, அதன் இலக்கை எச்டிடிபிஎஸ், மூன்று டபிள்யூ இல்லாத பெயர், இறுதிச் சாய்கோடு எல்லாம் சேர்ந்த முழு முகவரியாக எழுதிவிட்டால் நான்கும் ஒன்றாகிவிடும்.

10 ஜூன்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பதைப் பார்த்ததும் இந்த இழையின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம் என்று தோன்றியது. அவர்களுடையது பின்னலாடை நிறுவனம். வெளிநாட்டு பையர்களுக்கான ஆங்கிலப் பக்கங்கள் முன்னொட்டு இல்லாமல் வேரிலேயே இருக்கின்றன; ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் உள்ளூர்க் கடைகளுக்குமான தமிழ்ப் பக்கங்கள் ‘டிஏ’வுக்குக் கீழே. இப்போது உள்நாட்டு விற்பனை பெருகியதால் தமிழை வேருக்குக் கொண்டுவந்து, ஆங்கிலத்தை ‘இஎன்’னுக்குக் கீழே தள்ள விரும்புகிறார்கள். இரண்டு மொழியிலும் ஸ்லக்குகள் ஆங்கிலச் சொற்களே. தொடர்புப் பக்கத்தின் பெயர் இரண்டிலும் ‘கான்டாக்ட்’.

இங்கே மேலே சொன்ன ஒற்றை விதி பாதகம் செய்யும். பழைய தமிழ் ‘டிஏ/கான்டாக்ட்’ புதிய ‘கான்டாக்ட்’டுக்குப் போக வேண்டும். பழைய ஆங்கில ‘கான்டாக்ட்’ புதிய ‘இஎன்/கான்டாக்ட்’டுக்குப் போக வேண்டும். இரண்டு விதியையும் எழுதினால் தமிழ்ப் பக்கத்தைக் கேட்டவர் இரண்டு தாவலில் ஆங்கிலப் பக்கத்தில் போய் நிற்பார். வேரில் உள்ள ‘கான்டாக்ட்’டைக் கேட்பவர் பழைய ஆங்கிலப் பக்கத்தைத் தேடி வந்தவரா, புதிய தமிழ்ப் பக்கத்தைத் தேடி வந்தவரா என்று சர்வருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த 301ஐ ஒருமுறை கேஷில் வாங்கிக்கொண்ட பிரவுசரில் புதிய தமிழ்ப் பக்கத்தை நேராகத் தட்டெழுதினாலும் திறக்காது.

பிரவுசரின் மொழி அமைப்பைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நான் அதற்கு உடன்பட மாட்டேன். நம் ஊரில் கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிப்பவர்கள் ஏராளம்; கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கூகுளின் தேடுபொறியும் வழக்கமாக எந்த மொழி விருப்பத்தையும் அனுப்பாமல்தான் வருகிறது, ஆகவே அது ஒரே ஒரு மொழிப் பக்கத்தை மட்டுமே பார்க்கும் நிலை உண்டாகும்.

என் முதல் யோசனை, ஆங்கிலத்தை வேரிலேயே விட்டுவிட்டு இருக்கிறபடியே இருங்கள் என்பதாக இருந்தது. இரவு மறுபடி யோசித்தபோது அதை விட நல்ல வழி தோன்றியது. தமிழ்ப் பக்கங்களுக்குத் தமிழ் ஸ்லக் கொடுத்துவிடுங்கள். ‘கான்டாக்ட்’ என்பதற்குப் பதில் ‘தொடர்பு’. இப்போது பழைய முகவரி எதுவும் புதிய முகவரி எதனோடும் மோதாது. ‘டிஏ/கான்டாக்ட்’ நேராகத் ‘தொடர்பு’க்கும், ‘கான்டாக்ட்’ நேராக ‘இஎன்/கான்டாக்ட்’டுக்கும் போகும். ஒற்றை விதிக்குப் பதில் பட்டியல் தேவைப்படும் என்பதுதான் இதன் விலை. இத்தகைய பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்ள உதவும் ரீரைட்மேப் என்ற வசதி சர்வரின் முதன்மை அமைப்பில்தான் அனுமதிக்கப்படுகிறது, ஹெச்டிஅக்சஸில் கிடையாது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் பக்கத்துக்கு ஒரு வரியாக எழுத வேண்டியதுதான். ஸ்லக்கைச் சுருக்கமாக வையுங்கள், காரணம் மேலே இருக்கிறது.

மோதல் தீராத ஒரே பக்கம் முகப்பு. அங்கே யாரையும் எங்கும் திருப்ப வேண்டாம். பக்கத்தின் மேல்பகுதியிலேயே ஆங்கிலத்துக்கான இணைப்பைப் பெரிதாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மொழியும் தொடர்வதால், ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள, அதன் மற்ற மொழிப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்புகளைப் புதிய முகவரிகளுக்கு மாற்றுவதும் உங்களுக்கு உண்டு. கோபித் தம்பிக்கு மொழி ஒன்றே என்பதால் அந்தக் குறிப்புகளை அடியோடு எடுத்துவிடலாம்.

11 ஜூன்

திருப்பூர் நண்பர் மற்றொன்றையும் கேட்டிருக்கிறார்: சாம்பிள் ஆர்டருக்குப் பணம் கட்டும் வசதி அவர்கள் தளத்தில் உண்டு. பணம் செலுத்தி முடித்ததும் பேமென்ட் கேட்வே திரும்பி வந்து சேதி சொல்லும் முகவரி ‘டிஏ’வோடு பதிவாகியிருக்கிறது.

இதை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அந்தச் சேதி, தரவை உள்ளே வைத்து அனுப்பும் போஸ்ட் முறையில் வருகிறது. 301 கிடைத்தால் பிரவுசர்கள் போஸ்டை, பக்கத்தைக் கேட்பதற்கு மட்டுமான கெட்டாக மாற்றி, உள்ளே இருந்த தரவை விட்டுவிட்டுப் போகும். கரூரில் வீட்டு உபயோகத் துணி விற்கும் ஒருவரின் தளத்தில் இதை நேரில் பார்த்தேன். வாங்கியவரின் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது, குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது, தளத்திலோ ஆர்டர் ‘நிலுவை’ என்றே நிற்கிறது. லாகைத் திறந்தால் ஒரு போஸ்ட், அதற்கு 301, அடுத்த நொடியில் அதே ஐபியிலிருந்து ஒரு கெட். மூன்று வரியில் முழுக் கதையும் இருந்தது.

போஸ்டை போஸ்டாகவே திருப்பி அனுப்ப 308 என்ற நிலைக்குறி உண்டு. 2015இல் ஆர்எஃப்சி 7538 என்ற இணையத் தர ஆவணம் வழியாகத் தரமாக்கப்பட்டது, இன்றைய பிரவுசர்கள் அனைத்தும் அதை மதிக்கின்றன. ஆனால் சேதி பிரவுசர் வழியாக வராமல் கேட்வேயின் சர்வரிலிருந்து நேராக வந்தால், அந்தச் சர்வர் எந்த வழிமாற்றையும் பின்தொடராமல் விட்டுவிடக்கூடும். எனவே கேட்வேயின் கணக்குப் பக்கத்தில் புதிய முகவரியைப் பதிவு செய்வதே முறை. 308 அதற்குத் துணை மட்டுமே.

11 ஜூன், மாலை

கோபியிலிருந்து ஒரு சிறு கேள்வி: கட்டுரையின் நடுவே உள்ள தலைப்புக்கு நேராகப் போகும் # குறி இணைப்புகள் என்னவாகும்? அந்தப் பகுதி சர்வருக்கு வருவதே இல்லை, ஆகவே விதியில் அதற்கு இடமில்லை. இலக்கு முகவரியில் தனியாக # இல்லாத வரை, பிரவுசர் பழைய # பகுதியைப் புதிய முகவரியோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

14 ஜூன்

எத்தனை காலம் இந்த விதிகளை வைத்திருப்பது என்பதற்கு, “ஓர் ஆண்டு போதும் என்று படித்தேன்” என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். கூகுள் சொல்வது குறைந்தது ஓர் ஆண்டு. அந்தக் ‘குறைந்தது’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது தேடுபொறிக்கான கணக்கு, படிப்பவர்களுக்கான கணக்கு வேறு.

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒருவரின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் ஒவ்வொரு ஜமக்காளத்தின் மூலையிலும் ஒரு வெள்ளைத் துணிச் சீட்டைத் தைத்து, அதில் துவைக்கும் முறையைச் சொல்லும் பக்கத்துக்கான கியூஆர் குறியை அச்சிட்டிருக்கிறார். அந்த முகவரியில் ‘டிஏ’ இருக்கிறது. முன்னொட்டை எடுத்த பிறகு, வாங்கியவர் ஒருவர் கடைக்கே வந்து, “ஏனுங்க, இதுல காட்டுனா வேற என்னமோ வருதுங்களே” என்று கேட்டிருக்கிறார். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பலமுறை துவைத்ததில் ஓரத்து நூல் பிரிந்து, கறுப்புச் சதுரங்களில் ஒரு மூலை வெளுத்திருந்தது. ஆனாலும் கைப்பேசி அதைத் தயங்காமல் படித்தது. கியூஆரின் பிழைதிருத்தத்தை மிக உயர்ந்த எச் நிலையில் வைத்து அச்சிட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்க முடியும். சீட்டு தன் வேலையைச் செய்துவிட்டது; அந்த முகவரிக்கு விதி எழுதாமல் விடப்பட்டதுதான் குறை. அன்றே எழுதினேன்.

ஜமக்காளம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பவானிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அத்தனை ஆண்டும் அந்த விதி இருக்க வேண்டும். ஹெச்டிஅக்சஸில் ஒரு வரி இருப்பதால் சர்வருக்குப் பாரம் எதுவும் இல்லை. அதை எடுத்துவிடுவதால் நமக்குக் கிடைப்பதும் எதுவும் இல்லை.

அச்சுக்குப் போகும் முகவரிகளைப் பற்றி இதோடு ஒன்று. தமிழ் ஸ்லக்கை நான் விரும்புகிறவன்தான், ஆனால் கியூஆருக்குள் வைக்க அது ஏற்றதல்ல. ‘ஈரோடு’ என்ற ஒரு சொல்லே 45 இடம் பிடித்தால் சதுரங்கள் நுணுகிப் போகும், துணியில் அச்சிட்டால் மை பரவி ஒன்றோடொன்று கலக்கும். அச்சுக்கென்று எண்ணாலான சிறு முகவரி ஒன்றை வைத்து, அதைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். நாளை ஸ்லக் மாறினாலும் சீட்டை மாற்ற வேண்டியிருக்காது. அது 302 ஆகவே இருக்கட்டும்.

18 ஜூன்

நிறுத்திய ஆங்கிலப் பக்கங்களைத் தமிழ்ப் பக்கங்களுக்குத் திருப்பலாமா என்று கோபித் தம்பி கேட்கிறார். இதில் கருத்து வேறுபாடு உண்டு, நானும் சற்று மனம் மாறியிருக்கிறேன்.

வேண்டாம் என்பதே முதலில் என் எண்ணம். ஆங்கிலத்தில் படிக்க வந்தவருக்குத் தமிழ்ப் பக்கம் திறந்தால் அவருக்கு அது பயன்படாது. 410 என்று, அதாவது இந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று, நேர்மையாகச் சொல்லிவிடுவது மேல். ஆனால் உங்கள் லாகைப் பார்த்தால் ‘இஎன்’ முகவரிகளில் வருபவர்களில் பலர் தினசரி ஏல விலை அட்டவணைக்குத்தான் வருகிறார்கள். ஈரோடு, பெருந்துறை, கோபி என்ற ஊர்ப் பெயர்களும் எண்களும் மட்டுமே உள்ள அட்டவணை அது. வெளிமாநில வியாபாரிகளாக இருக்கலாம். அந்த அட்டவணையின் தலைப்பு வரியில் விரலி, கிழங்கு, குவிண்டால் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தையும் சேர்த்துவிட்டு, விலைப் பக்கங்களை மட்டும் 301 கொண்டு திருப்புங்கள். சாகுபடிக் கட்டுரைகளுக்கு 410. அந்த 410 பக்கத்தில் இரண்டு வரி ஆங்கிலத்தில் விளக்கமும், விலை அட்டவணைக்கு ஓர் இணைப்பும் இருக்கட்டும்.

25 ஜூன்

கடைசிச் சரிபார்ப்புக்கு. தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இணைப்புகள் பழைய முகவரியில் இருந்தால் அவற்றைத் தரவுத்தளத்திலேயே மாற்றிவிடுங்கள். நம் இணைப்புகளே வழிமாற்றின் மேல் ஏறிப் போவது தேவையில்லை. சைட்மேப்பில் புதிய முகவரிகள் மட்டும் இருக்கட்டும், கெனானிக்கல் குறிப்பும் புதியதையே காட்ட வேண்டும். பழைய கெனானிக்கல் அப்படியே இருந்தால், நாம் பழையதிலிருந்து புதியதற்கு அனுப்புவோம், புதியதோ பழையதுதான் மூலம் என்று கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கும். கூகுளின் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்துக்கென்று உள்ள கருவியைத் தேட வேண்டாம், அது டொமைன் மாறினால் மட்டுமே பயன்படும்.

மாதம் ஒருமுறையாவது லாகில் 404 பெற்ற ‘டிஏ’ முகவரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். இந்த வாரப் பட்டியலை நீங்கள் அனுப்பியதில் மூன்று வகை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நகலெடுக்கும்போது நடுவில் அறுந்துபோன நீண்ட தமிழ் முகவரிகள் முதல் வகை. அவற்றில் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்கு எழுத்து மிச்சமிருப்பவற்றுக்கு மட்டும் விதி எழுதுங்கள். முன்னொட்டைப் பெரிய எழுத்தில் எழுதியவை இரண்டாவது; விதியில் எழுத்து வேறுபாட்டைப் பார்க்காதே என்னும் என்சி கொடியைச் சேர்த்தால் தீரும். மூன்றாவது வகை, தளத்தில் என்றுமே இல்லாத நிர்வாகப் பக்கங்களைத் தேடும் தானியங்கி நிரல்கள். அவை 404லேயே இருக்கட்டும்.

விதிகளை 302இலிருந்து 301க்கு மாற்றிவிடலாம்.